பழைய ஹோம் தியேட்டர் செட்டைக் கணினியுடன் இணைத்தல்: ஆறு ஒலிகளும் எந்த வழியால் போகின்றன?

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் பல வீடுகளில் ஐந்து சிறு ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் கொண்ட ஹோம் தியேட்டர் செட் ஒன்று இன்னும் இருக்கிறது. கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ விடுமுறையில் வந்தவர்கள் கொண்டுவந்த செட்டுகள் இவற்றில் நிறைய உண்டு. டீவீடி இறுவட்டுகளின் காலம் முடிந்ததோடு இவை அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டன. இப்படிப்பட்ட செட்டில் முதலில் பழுதாவது பெரும்பாலும் இறுவட்டை வாசிக்கும் லேசரும் அதைச் சுழற்றும் மோட்டாரும்தான். ஒலியைப் பெருக்கும் பகுதியும் ஸ்பீக்கர்களும் அதன் பிறகும் நெடுங்காலம் நன்றாக வேலை செய்யக்கூடியவை. படங்களும் பாடல்களும் இன்று கணினியில் இருப்பதால், அந்த ஒலியைச் செட்டுக்குக் கொண்டுசேர்க்க ஒரு வழி கிடைத்தால் புதிய சவுண்ட்பார் வாங்க வேண்டிய தேவையே பல வீடுகளில் இராது என்பது என் உறுதியான கருத்து.

இதில் தடுமாற்றம் ஏற்படுவதற்குக் காரணம், பெரும்பாலானோர் வயரிலிருந்து தொடங்குவதுதான். கடைக்குப் போய் "கொம்பியூட்டரை செட்டுக்குக் குடுக்கிற வயர் ஒண்டு தாங்க" என்று கேட்டால் ஏதோ ஒரு வயர் கிடைக்கும், அதைச் செருகினால் ஏதோ ஒரு சத்தமும் வரும். ஆனால் பின்பக்க ஸ்பீக்கர்கள் மௌனமாக இருக்கும், அல்லது ஆறிலும் ஒரே சத்தம் வரும். ஆகவே, தொடங்க வேண்டிய இடம் செட்டின் பின்பக்கம். அங்கே உள்ளே வாங்குகின்ற சொக்கெட்டுகள் எவை, அவை ஒரே நேரத்தில் எத்தனை தனித்தனி ஒலிகளை வாங்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் எந்த வயர் என்பது தானாகவே முடிவாகிவிடும்.

செட்டின் மீது அச்சிடப்பட்டிருக்கும் 5.1 என்ற எண், முன்பக்க இடது, முன்பக்க வலது, நடு, பின்பக்க இடது, பின்பக்க வலது ஆகிய ஐந்து முழு ஒலிவரிசைகளையும், தாழ்ந்த அதிர்வுகளை மட்டும் சுமக்கும் ஆறாவது வரிசையையும் குறிக்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 1 அந்த ஆறாவது வரிசை. அது சப்வூஃபருக்குப் போகிறது. படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு வரிசையில் இருக்கும். அதனால் ஆறும் ஒழுங்காகப் பிரிந்து வராத இணைப்பில், பின்னணி இசை வீட்டையே நிறைக்கும்போதும் கதாபாத்திரங்கள் பேசுவது தெளிவில்லாமல் போகலாம்.

கணினியில் ஒரு படத்தின் ஒலி இலக்க வடிவில், சுருக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. அது காதுக்கு வந்துசேர மூன்று வேலைகள் நடந்தாக வேண்டும்: சுருக்கப்பட்டதை விரித்து ஆறு வரிசைகளாக்க வேண்டும், அந்த இலக்கங்களை ஏறி இறங்கும் மின்னலையாக, அதாவது அனலொக் சமிக்ஞையாக, மாற்ற வேண்டும், பின்பு ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு அந்த அலையைப் பெருக்க வேண்டும். மூன்றாவது வேலையை எப்போதும் செட்டுத்தான் செய்யும். முதல் இரண்டையும் கணினி செய்து ஆறு அலைகளையும் ஆறு தனிப் பாதைகளில் அனுப்பலாம், அல்லது கணினி எதையும் விரிக்காமல் அப்படியே கொடுக்க, செட்டே விரித்துக்கொள்ளலாம். பெரும்பாலான இணைப்பு முறைகள் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இனிச் செட்டைத் திருப்பிப் பார்ப்போம். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொக்கெட்டுக்கு அருகிலும் 'இன்' என்று இருக்கிறதா 'அவுட்' என்று இருக்கிறதா என்று வாசிக்க வேண்டும். அதிகம் பேர் ஏமாறும் இடம், படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. சொக்கெட். டீவீடி வாசிப்பான் உள்ளேயே கட்டப்பட்ட செட்டுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. சொக்கெட் இருக்கும்; அதன் மேல் 'அவுட்' என்று எழுதியிருக்கும். இறுவட்டின் படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவதற்காக வைக்கப்பட்ட வாசல் அது. கணினியிலிருந்தும் எச்.டி.எம்.ஐ. வெளியே வருகிறது, செட்டிலிருந்தும் வெளியே வருகிறது. இரண்டையும் விலையுயர்ந்த வயரால் இணைத்தாலும் ஒன்றும் நடக்காது.

அடுத்து, ஸ்பீக்கர் வயர்கள் செருகும் கவ்விகள். இவற்றைக் கணினியின் எந்தச் சொக்கெட்டுடனும் எக்காரணம் கொண்டும் இணைக்கக்கூடாது. பெருக்கி முடித்த ஒலி வெளியேறும் இடம் அது. அங்குள்ள மின்னழுத்தம் கணினியின் ஒலிப்பகுதியைச் சேதப்படுத்திவிடும்.

நாம் தேடுவது மூன்று வகை வாசல்களை. முதலாவது, 'ஓக்ஸ் இன்' அல்லது 'லைன் இன்' என்று எழுதிய, வெள்ளையும் சிவப்பும் கொண்ட ஒரு சோடி வட்டமான ஆர்.சி.ஏ. சொக்கெட். இது கிட்டத்தட்ட எல்லாச் செட்டிலும் இருக்கும், இரண்டு வரிசைகளை மட்டும் வாங்கும். இரண்டாவது, ஆறு ஆர்.சி.ஏ. சொக்கெட்டுகள் ஒன்றாக வரிசைகட்டி நிற்கும் தொகுதி. 'மல்டி சனல் இன்', '5.1 இன்', '6 சனல் இன்' என்று பலவாறு எழுதியிருப்பார்கள். சில செட்டுகளில் இதே ஆறு சொக்கெட்டுகளின் மேல் 'ஏ.சி.3' (டொல்பி டிஜிட்டல் என்ற சுருக்கும் முறையின் இன்னொரு பெயர்) என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து, அதை விரிக்கும் வசதி உள்ளே இருப்பதாக நினைக்க வேண்டாம். விரித்து முடித்த ஆறு அனலொக் அலைகளையே அவை வாங்குகின்றன. மூன்றாவது, இலக்க ஒலிக்கான வாசல். சிறு மூடியோடு சதுரம் போன்று இருந்தால் ஒளியால் வேலை செய்யும் ஒப்டிகல். தனியாக நிற்கும் ஒரே ஒரு ஆர்.சி.ஏ. சொக்கெட்டின் பக்கத்தில் 'டிஜிட்டல் இன்' என்று இருந்தால் கோஎக்சியல்.

கணினிப் பக்கம் இதைவிட எளிது. மடிக்கணினியில் இருப்பது பெரும்பாலும் 3.5 மில்லிமீற்றர் ஹெட்போன் சொக்கெட் ஒன்றும் எச்.டி.எம்.ஐ. ஒன்றும். மேசைக்கணினியின் பின்புறத்தில் பல நிறச் சொக்கெட்டுகள் இருக்கும். அந்த நிறங்கள் மைக்ரோசொஃப்டும் இன்டெலும் 1999ஆம் ஆண்டுக்கான கணினி வடிவமைப்பு வழிகாட்டியில் வகுத்த ஒழுங்கிலிருந்து வழக்கத்துக்கு வந்தவை. பச்சை முன்பக்க இரண்டு வரிசைகளுக்கு, கறுப்பு பின்பக்க இரண்டுக்கு, செம்மஞ்சள் நடுவுக்கும் சப்வூஃபருக்கும், இளஞ்சிவப்பு மைக்கிற்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்வாங்க. மூன்று சொக்கெட் மட்டுமே உள்ள கணினிகளில் நீலமும் இளஞ்சிவப்பும் தேவைக்கேற்ப வேலையை மாற்றிக்கொள்வதும் உண்டு. அதை ஒலி அட்டையோடு வரும் மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3.5 மில்லிமீற்றர் சொக்கெட் ஒன்றில் இடது, வலது, இரண்டுக்கும் பொதுவான தரை என்ற மூன்று தொடுகைகளே ஒலியை வெளியே கொடுக்கின்றன. நான்காவது இருந்தால் அது மைக்குக்கு உரியது. எனவே ஒரு ஹெட்போன் சொக்கெட்டிலிருந்து இரண்டு வரிசைகளுக்கு மேல் எடுக்கவே முடியாது. அதை மூன்றாகப் பிரிக்கும் வயர்களைப் பூட்டி ஆறு சொக்கெட்டிலும் செருகினால் ஆறு ஸ்பீக்கரும் சத்தம் போடும். ஆனால் முன்னால் கேட்க வேண்டியதே பின்னாலும் கேட்கும். பேச்சின் தெளிவும் கெடும். இதைச் செய்ய வேண்டாம்.

இரண்டு வரிசை இணைப்பைக் குறைவாக மதிக்கவும் வேண்டாம். ஒரு முனையில் 3.5 மில்லிமீற்றர் பிளக்கும் மறுமுனையில் இரண்டு ஆர்.சி.ஏ. பிளக்குகளும் உள்ள வயர் மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் சாதாரணமாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. வெள்ளையை வெள்ளையிலும் சிவப்பைச் சிவப்பிலும் செருகி, செட்டை 'ஓக்ஸ்' நிலைக்கு மாற்றினால் போதும். கணினியின் ஒலியளவை 90 வீதம் அளவில் நிறுத்திவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் செட்டில் செய்யுங்கள். கணினியில் குறைத்து செட்டில் கூட்டினால், பாடலோடு சேர்ந்து கணினியின் இரைச்சலும் பெருகும். பாடல்கள் பெரும்பாலும் இரண்டு வரிசைகளிலேயே பதிவாகியிருப்பதால் அவற்றைக் கேட்பவர் இந்த முறையில் எதையும் இழப்பதில்லை.

இந்த இணைப்பிலும் பின்பக்க ஸ்பீக்கர்களை நேர்மையாகப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. செட்டின் ரிமோட்டில் 'டொல்பி புரோ லொஜிக்' அல்லது 'புரோ லொஜிக் 2' என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2000ஆம் ஆண்டில் வந்த புரோ லொஜிக் 2, இரண்டு வரிசைகளுக்கும் இடையிலான ஒற்றுமையையும் வேற்றுமையையும் கணித்து, இரண்டிலும் ஒன்றாக இருப்பதை நடு ஸ்பீக்கருக்கும், ஒன்றுக்கொன்று எதிர்மாறாக இருப்பதைப் பின்பக்கத்துக்கும் அனுப்புகிறது. உண்மையான ஆறு வரிசைகளுக்கு இது ஈடாகாது. ஆனாலும் பேச்சு நடுவில் வந்து நின்றுவிடுவதால் பழைய படங்களைப் பார்ப்பவர்களுக்கு நல்ல பலன் தரும்.

செட்டில் ஆறு அனலொக் சொக்கெட்டுகள் இருந்தால், கணினியே விரித்து அனுப்பும் முதல் வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. மேலே சொன்ன வயரில் மூன்று வாங்கி, பச்சையை முன்பக்கச் சோடிக்கும், கறுப்பைப் பின்பக்கச் சோடிக்கும், செம்மஞ்சளை நடு, சப்வூஃபர் ஆகிய இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். மடிக்கணினி வைத்திருப்பவர் யூ.எஸ்.பி.யில் செருகும் 5.1 ஒலி அட்டை ஒன்றை வாங்கினால் இதே மூன்று சொக்கெட்டுகள் கிடைக்கும். அதன் பிறகு விண்டோஸில் சவுண்ட் அமைப்புக்குள் போய், பிளேபேக் பட்டியலில் அந்த ஒலி அட்டையைத் தேர்ந்து, 'கொன்ஃபிகர்' என்பதை அழுத்தி 5.1 என்று தெரிவுசெய்ய வேண்டும். இந்தப் படியைத் தவறவிட்டால் வயர்கள் எல்லாம் சரியாக இருந்தும் பச்சையில் மட்டும் ஒலி வரும். வயர் பழுது என்று நினைத்துத் திரும்பக் கடைக்குப் போவார்கள்.

இந்த வழியில் இரண்டு சிக்கல்கள் வரக்கூடும். செம்மஞ்சளில் நடுவும் சப்வூஃபரும் இடம்மாறி, பேச்சு சப்வூஃபருக்குள்ளிருந்து முனகலாகக் கேட்டால், அந்த இரண்டு ஆர்.சி.ஏ. பிளக்குகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகினால் தீர்ந்துவிடும். மற்றது, பாடல் கேட்கும்போது சப்வூஃபர் அடங்கிப்போவது. ஆறாவது வரிசை படங்களுக்காக வந்தது, பாடலில் அது இல்லை; ஆறு சொக்கெட் வழியாக வரும் ஒலியைப் பல செட்டுகள் தாமாகப் பிரித்து, தாழ்ந்த பகுதியைச் சப்வூஃபருக்குத் திருப்புவதில்லை. விண்டோஸின் அதே அமைப்பில், முன்பக்க ஸ்பீக்கர்கள் 'ஃபுல் ரேஞ்ச்' என்ற குறியை நீக்கிவிட்டால், ஒலி அட்டையின் மென்பொருள் இடமளிக்கும் பட்சத்தில், கணினியே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஒப்டிகல் இணைப்பைத்தான் சற்று விரிவாக விளக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதைப் பற்றிய தவறான எதிர்பார்ப்பு மிக அதிகம். தோஷிபா நிறுவனம் 1983இல் கொண்டுவந்த இந்த ஒளியிழையும் கோஎக்சியல் வயரும் சுமப்பது ஒரே ஒழுங்கிலான சமிக்ஞையை. சோனியும் பிலிப்ஸும் வகுத்த அந்த ஒழுங்கு இறுவட்டின் இரண்டு வரிசைகளைக் கருதியே அமைந்தது. கணக்கைப் பாருங்கள்: ஒரு வரிசைக்குச் செக்கனுக்கு 48,000 மாதிரிகள் (ஒலியலையின் அளவெடுப்புகள்), ஒவ்வொன்றும் 16 பிட் என்றால், இரண்டு வரிசைகளுக்குச் செக்கனுக்கு 15,36,000 பிட் போதும், ஆறு வரிசைகளுக்கு 46,08,000 பிட் வேண்டும். விரித்த நிலையில் ஆறு வரிசைகளுக்கு இந்தப் பாதையில் இடமில்லை. 2013இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை, மட்டக்களப்புக் கல்லடியின் பழைய ஒற்றைவழிப் பாலத்தில் வாகனங்கள் பக்கம் பக்கமாகப் போக முடியாதிருந்ததைப் போன்றது இது. ஆனால் டொல்பி டிஜிட்டல் முறையில் சுருக்கினால் ஆறு வரிசைகளும் டீவீடியில் செக்கனுக்கு 448 கிலோபிட் அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. டீ.டீ.எஸ். என்ற இன்னொரு சுருக்கும் முறைக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 1,500 கிலோபிட். இரண்டும் அந்த ஒற்றை வழியில் தாராளமாகப் போகும். சுருக்கிய பொதியைக் கணினி பிரிக்காமல் அனுப்ப, செட் அதைப் பெற்று விரித்துக்கொள்ளும். இதற்குப் பெயர் பாஸ்துரூ.

இதிலிருந்து விளைவுகள் சில தெளிவாகின்றன. ஒப்டிகல் வயரைச் செருகினாலே ஆறு வரிசை வந்துவிடாது. படத்தை ஓட்டும் மென்பொருளில் பாஸ்துரூவை இயக்க வேண்டும். வி.எல்.சி.யில் அது ஓடியோ அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதை இயக்கியதும் செட்டின் முகப்பில் டொல்பி டிஜிட்டல் அல்லது டீ.டீ.எஸ். என்ற எழுத்து தோன்றினால், பொதி முழுதாகச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தது, படக்கோப்பில் 5.1 என்று எழுதியிருந்தாலும் அது ஏ.ஏ.சி. முறையிலோ டொல்பி டிஜிட்டல் பிளஸ் முறையிலோ சுருக்கப்பட்டிருந்தால் பழைய செட்டால் அதை விரிக்க முடியாது. இன்று இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் இவை மிகவும் பரவலாக இருப்பதால், "நேற்றுப் பார்த்த படத்தில் பின்னால் சத்தம் வந்தது, இன்று வரவில்லை" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கணினி விளையாட்டுகளிலும் இதே நிலைதான்: அவற்றின் ஒலி அந்தந்த நேரத்தில் உருவாவதால் அனுப்புவதற்கு ஆயத்தமான பொதி ஒன்று இல்லை.

இதற்குத் தீர்வு, கணினியே அந்த நேரத்தில் டொல்பி டிஜிட்டலாகச் சுருக்கி அனுப்புவது. டொல்பி டிஜிட்டல் லைவ், டீ.டீ.எஸ். கனெக்ட் என்ற பெயர்களில் இந்த வசதி சில ஒலி அட்டைகளில் உண்டு. வாங்கும்போது பெட்டியில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். படம் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் பணம் செலவழிக்கத் தேவையில்லை. கோடி என்ற இலவச மென்பொருளில், வரிசைகளின் எண்ணிக்கையை 2.0 என்று வைத்து, பாஸ்துரூவையும் ஏ.சி.3 மாற்றத்தையும் இயக்கிவிட்டால், ஏ.ஏ.சி. கோப்பையும் அது டொல்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும். 2.0 என்று வைப்பது முரணாகத் தோன்றும்; ஆனால் பாதை இரண்டு வரிசை அகலமுடையது என்பதையே அங்கே குறிப்பிடுகிறோம்.

ஒப்டிகல் வயரின் இரு முனைகளிலும் சிறு பிளாஸ்டிக் மூடி வரும். அதைக் கழற்றாமல் செருகினால் ஒளி போகாது. வயரை மடித்துக் கட்டவும் கூடாது, உள்ளே உள்ள இழை முறிந்துவிடும். கணினியை இயக்கியதும் முனையில் சிவப்பு ஒளி தெரிந்தால் கணினிப் பக்கம் ஒளி வெளிவருகிறது.

டீவீடி வாசிப்பான் இல்லாத தனிப் பெருக்கியான ரிசீவர் வைத்திருக்கும் சிலரிடம் உண்மையான எச்.டி.எம்.ஐ. 'இன்' இருக்கக்கூடும். எச்.டி.எம்.ஐ. எட்டு வரிசைகள் வரை சுருக்காமலே சுமக்க வல்லது. ரிசீவர் அவற்றை ஏற்குமானால் அதுவே எல்லாவற்றிலும் எளிய வழி. மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்து, செட்டில் ஒப்டிகல் மட்டும் இருந்தால், எச்.டி.எம்.ஐ. ஓடியோ எக்ஸ்ட்ராக்டர் என்ற சிறு பெட்டி ஒன்றை இடையில் வைத்து ஒலியைப் பிரித்தெடுக்கலாம். செட்டில் ஆறு அனலொக் சொக்கெட் மட்டும் இருந்தால், ஒப்டிகலை வாங்கி ஆறு ஆர்.சி.ஏ.யாகக் கொடுக்கும் டிகோடர் பெட்டியும் உண்டு. ஆனால் செட்டில் 'ஓக்ஸ் இன்' சோடி ஒன்று மட்டுமே இருக்குமானால் எந்தப் பெட்டியும் உதவாது. பின்பக்க ஸ்பீக்கர்களுக்குத் தனி ஒலியைக் கொண்டுபோக அந்தச் செட்டில் வாசல் இல்லை. அதற்குப் பணம் செலவழிக்காமல் புரோ லொஜிக்கோடு நின்றுவிடுவதே நல்லது. புளூடூத் வழியும் இரண்டு வரிசைகளோடு முடிந்துவிடும்.

வயர் செருகியதும் "ம்ம்ம்" என்று ஓர் ஓயாத உறுமல் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால், கணினியும் செட்டும் மின்சுற்றின் எர்த் வழியாக இன்னொரு பாதையிலும் இணைந்து, நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் அதிர்வு ஒலி வயருக்குள் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டையும் ஒரே மல்டிபிளக்கில் செருகினால் பல வேளைகளில் குறைந்துவிடும். குறையாவிட்டால், ஒலி வயரின் இடையில், அந்தப் பாதையைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்றைப் போடலாம், அல்லது மின்சாரத்தையே கடத்தாத ஒப்டிகலுக்கு மாறலாம். எர்த் பின்னை முறிப்பது சிலர் சொல்லும் வைத்தியம். உயிரைக் காப்பதற்காக இருக்கும் பின் அது, தயவுசெய்து அதைத் தொட வேண்டாம்.

நெடுநாள் மூடிக் கிடந்த செட்டை இயக்குவதற்கு முன், அதன் முதுகில் உள்ள மின்னழுத்த எண்ணையும் வாசிக்க வேண்டும். சவூதியில் நெடுங்காலம் 127 வோல்ட் மின்சாரமும் வழக்கில் இருந்ததால், அங்கிருந்து வந்த சில செட்டுகள் அந்த அழுத்தத்துக்கு மட்டுமே உரியவை. அவற்றை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும். சிலவற்றில் மின்னழுத்தத்தை மாற்றும் சிறு சுவிட்ச் பின்னால் இருக்கும். கடற்காற்றின் உப்பும் வாவிக்கரையின் ஈரமும் ஆர்.சி.ஏ. சொக்கெட்டுகளில் பச்சையாகப் பூத்திருந்தால், மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, தொடுகை துப்புரவாக்கும் ஸ்பிரேயால் துடைத்து உலரவிட வேண்டும்; கரகரப்புச் சத்தத்தில் பாதி அதிலேயே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. பிளக்கைக் கழற்ற வேண்டும். இரண்டு கருவிகளை வயரால் இணைத்த பிறகு, ஒன்றுக்கு வரும் மின்னல் மற்றதையும் சென்றடையும்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் படத்தைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். படத்தில் பின்பக்க ஒலி எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆறு வயர் இணைப்பென்றால், விண்டோஸின் 'கொன்ஃபிகர்' திரையிலுள்ள 'டெஸ்ட்' பொத்தான் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாக ஒலி எழுப்பும். ஒப்டிகல் என்றால், அந்த வெளியீட்டின் 'புரொப்பட்டீஸ்' பகுதியில், செட் விரிக்கக்கூடிய முறைகளின் பட்டியலுக்கு அருகே டொல்பிக்கும் டீ.டீ.எஸ்.ஸுக்கும் தனித்தனி டெஸ்ட் பொத்தான்கள் இருக்கின்றன. ஒருவர் கணினியில் இருந்து அழுத்த, மற்றவர் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அருகில் காதை வைத்து, ஒலி எதிலிருந்து வருகிறது என்று சொல்லட்டும். திரையில் பின்பக்க இடது மின்னும்போது பின்பக்க வலதில் கேட்டால், அந்த இரு ஸ்பீக்கர்களின் வயர்களையும் செட்டின் கவ்விகளில் ஒன்றுக்கொன்று மாற்றி, சிவப்பு சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் டெஸ்டை அழுத்துங்கள்.